கூடைக்குக் கீழே இருந்த பெயர்

ஓவிய மியூசியத்தில் அட்டெண்டராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் வணக்கம்.

நான் ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். வாய் வரவில்லை. "ரொம்ப நன்றிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கைதட்டினீர்கள். அடக்கமான ஆள் என்று நினைத்திருப்பீர்கள். அது அடக்கம் இல்லை. உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதை அத்தனை பேர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் எழுதித் தருகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தினமும் பேப்பர் படிக்கிற பழக்கத்தால் எழுத்து மறக்காமல் இருக்கிறது, அவ்வளவுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த விளக்கை எப்போது அணைப்பது, எந்த ஜன்னல் மழைக்கு ஒழுகும் என்பதையெல்லாம் என்னோடு அட்டெண்டராக இருந்த லோகநாதன் சொல்லிக்கொடுப்பான். என்னை விட நன்றாகவே சொல்லுவான். நான் எழுதப்போவது நாலாவது அறையில் உள்ள ஒரு படத்தைப் பற்றி. அதன் கீழே இருந்த பழைய அட்டையை ஏன் எடுத்தார்கள் என்று கேட்டால், கமிட்டி முடிவு என்று உங்களுக்குப் பதில் வரும். அது முழுப் பதில் இல்லை.

பார்க்க வருகிறவர்களுக்கு மியூசியத்தின் வரலாற்றைச் சொல்வது பொறுப்பாளரின் வேலை. அவர் இல்லாத நாளில் அட்டெண்டர் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இதைக் கேட்டுத்தான் பயந்தேன். நாலு பேர் சேர்ந்தாற்போல் பார்த்தாலே எனக்குக் காது சூடாகிவிடும். அப்போதிருந்த பொறுப்பாளர் ஒரு வழி சொன்னார். வரலாற்றை ஒரு பக்கத்துக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தார். "இதை அப்படியே மனப்பாடம் பண்ணிக்கங்க. பேசறதா நினைக்காதீங்க, ஒப்பிக்கறதா நினைச்சுக்கங்க" என்றார். அது எனக்குப் பொருந்திப் போனது. சுவரைப் பார்த்துக்கொண்டு ஒப்பிப்பேன்.

இந்தப் பங்களா ஒரு காலத்தில் எஸ்டேட் பெரிய துரையின் வீடு. அவர் மனைவி துரைசாணி அம்மாள் ஓவியம் வரைவார். எஸ்டேட் கைமாறியபோது பங்களா பல்கலைக்கழகத்துக்கு வந்தது. அவர் வரைந்து சுவரில் மாட்டியிருந்த பதினோரு படங்களும் அதோடு வந்தன. அந்தப் பதினோரு படங்கள்தான் இந்த மியூசியத்தின் தொடக்கம். மற்றவை பிறகு சேர்ந்தவை.

இப்படிப் போகும். இதை எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று தெரியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், ராணுவ முகாமிலிருந்து வரும் குடும்பங்கள், டூரிஸ்ட் பஸ்காரர்கள், எல்லோருக்கும் இதே வரலாறுதான்.

"ஏனுங்கண்ணா, டேப் ரெக்கார்டர் தோத்துப் போச்சுங்க. முடிஞ்சதும் டக்குன்னு ஆஃப் ஆயிடறீங்க" என்று லோகநாதன் கேலி செய்வான். "படத்துல நிக்கற பொம்பளைங்ககூட உங்களவிட நாலு வார்த்தை சேத்திப் பேசுவாங்க போலிருக்குது."

படத்தில் நிற்கிற பெண்கள் என்று அவன் சொன்னது நாலாவது அறைப் படத்தைத்தான். துரைசாணி வரைந்தவை என்று சொல்லப்பட்ட பதினொன்றில் பத்து படங்களில் பூ, புல்வெளி, பங்களா, நாய். இது ஒன்றில் மட்டும் ஆட்கள். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற இடம். மழை தூறுகிறது. பெண்கள் தலையில் சாக்கு போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். ஒருத்தி மட்டும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் முதுகில் கூடை. துணியில் வரைந்த படம் இல்லை. தேயிலைப் பெட்டி செய்கிற பலகையில் வரைந்தது.

என் அம்மா கொழுந்து பறித்தவர். நிறை கூடையின் கயிறு உச்சந்தலையை இழுக்கும்போது கழுத்து எப்படி முன்னால் போகும் என்பது எனக்குத் தெரியும். அந்த முதுகைப் பார்க்கும்போதெல்லாம், பங்களா வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு இது எப்படித் தெரிந்தது என்று தோன்றும். ஒருமுறை ஒரு கல்லூரிப் பெண்கூடக் கேட்டாள், இது வேற கை மாதிரி இருக்கே என்று. நான் அட்டையைக் காட்டினேன். எனக்குத் தெரிந்ததை நான் நம்பவில்லை. எழுதியிருந்ததை நம்பினேன். படிக்காதவனுக்கு இது ஒரு வியாதி. படித்த உங்களுக்கும் வரலாம்.

இனி நான் செய்தது.

நம் ஊர் மழைக்காலம் உங்களுக்குத் தெரியும். இரண்டு வாரம் வெயில் இல்லாவிட்டால் செருப்பு, பெல்ட், பீரோவின் முதுகு என்று எல்லாவற்றிலும் வெள்ளைப் பூஞ்சை ஏறிவிடும். நம் வீடுகளில் என்ன செய்வோம்? பழைய துணியில் நீலகிரித் தைலத்தை நனைத்து ஒரு துடை. பூஞ்சையும் போகும், நாற்றமும் போகும். மலையில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டாம்.

மூன்று வருடம் முன்பு நாலாவது அறைப் படத்தின் வலது கீழ் மூலையில் பூஞ்சை வந்தது. உள்ளங்கை அளவு இருக்கும். படத்தைத் தொடக் கூடாது, பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஆனால் பொறுப்பாளர் மேடம் கோயம்புத்தூருக்கு ஒரு வாரம் லீவில் போயிருந்தார். மறுநாள் காலையில் பல்கலைக்கழகத்திலிருந்து பெரிய அதிகாரிகள் வருவதாகத் தகவல் வந்தது. பூஞ்சை பிடித்த படத்தை அவர்கள் பார்த்தால், அட்டெண்டர் என்ன செய்கிறான் என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். மேடத்துக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போனில் பேசுவதும் எனக்குக் கூச்சம்தான்.

சாப்பாட்டு நேரத்தில் லோகநாதன் கீழே போயிருந்தான். பழைய வேட்டித் துணியில் தைலத்தை நனைத்து மெதுவாக ஒரு முறை துடைத்தேன். பூஞ்சை போய்விட்டது. அதன் கீழே கூடையின் நிழல் இருந்தது. அந்த நிழலில், கறுப்பின் மேல் கறுப்பாக, சின்ன எழுத்துகள் தெரிந்தன. தமிழ் எழுத்துகள். இத்தனை வருடம் எந்த விளக்கிலும் கண்ணில் படாதவை, தைலத்தின் ஈரம் பட்டதும் பளிச்சென்று தெரிந்தன. க. ராமையா என்று இருந்தது. அதன் கீழே கோணலாக ஒரு கோடு.

அங்கே நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. இன்னும் தெளிவாகத் தெரியட்டும் என்று இரண்டாவது முறை துடைத்தேன்.

துணியில் கறுப்பாக வந்தது. படத்தைப் பார்த்தேன். எழுத்து இருந்த இடத்தில் வெளிறிய ஒரு திட்டு. தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. தைலம் பூஞ்சையை மட்டும் கரைக்காது, சாயத்தையும் கரைக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. துணியைக் கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். நாலாவது அறையில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

மேடம் லீவு முடிந்து வந்தபோது நான் சொல்லவில்லை. இன்று சொல்வோம், நாளை சொல்வோம் என்று இரண்டு மழைக்காலம் போய்விட்டது. திட்டு காய்ந்து, நிழலோடு நிழலாகிவிட்டது. நானும் வருகிறவர்களுக்கு அதே வரலாற்றை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு வித்தியாசம். முன்பு தெரியாமல் சொன்னேன். இப்போது க. ராமையா என்ற பெயர் மனதில் இருக்க, துரைசாணி வரைந்தது என்று சொன்னேன். ராமையா யாரோ ஒரு பழைய ஆள், செத்துப்போயிருப்பார், யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கேட்க ஆள் வந்தது.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை. அறுபது வயதை நெருங்கிய ஒரு அம்மா தனியாக வந்தார். கையில் பிளாஸ்டிக் பை, காலில் மழைச் செருப்பு. ஒவ்வொரு அறையாகப் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணே, கொழுந்து நிறுக்குற படம் ஒண்ணு இருக்காமே, எங்க இருக்கு?"

நாலாவது அறையைக் காட்டினேன். போய் நின்றவர் பத்து நிமிடம் நகரவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இந்தா, முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்களே, இது எங்கம்மா. மூஞ்சியப் போடக் கூடாதுன்னு சண்ட போட்டுச்சாம். சரி, அப்ப திரும்பி நில்லுன்னாராம் எங்கப்பா."

அவர் பெயர் பாக்கியம். தேவாலாவிலிருந்து கூடலூர் வந்து, பஸ் மாறி ஊட்டிக்கு வந்திருக்கிறார். அப்பா சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். இந்த எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலைப் பெட்டிகளின் மேல் பெயரும் நம்பரும் எழுதுவது அவர் வேலை. மிச்சமான பலகையில், மிச்சமான சாயத்தில் இந்தப் படத்தைப் போட்டிருக்கிறார். ஃபேக்டரியைப் பார்க்க வந்த துரைசாணிக்குப் பிடித்துப்போய், கேட்டு வாங்கிப் பங்களாவில் மாட்டினாராம். பாக்கியத்தின் அக்கா மகன் கல்லூரியிலிருந்து இங்கே வந்தபோது போனில் படம் பிடித்துப்போய்க் காட்டியிருக்கிறான். அட்டையில் வேறு பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த அம்மா புறப்பட்டு வந்திருக்கிறார்.

நான் மேடத்தைக் கூப்பிட்டேன். மேடம் நாற்காலி போட்டு, எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"அம்மா, நீங்க சொல்றத நான் இல்லன்னு சொல்லலை. ஆனா எஸ்டேட் குடுத்த லிஸ்ட்ல பதினோரு படமும் அந்தம்மா வரைஞ்சதுன்னு இருக்கு. அதை மாத்தணும்னா கையில ஒரு ஆதாரம் வேணும். உங்கப்பா படத்துல பேர் கீர் எழுதினாரா?"

"எழுதியிருக்காருங்களே. கூடைக்குக் கீழ, நெழல்ல. படத்தக் குடுக்குறதுக்கு முன்னாடி, தொரசாணிக்குத் தெரியக் கூடாதுன்னு பொடிசா எழுதுனாராம். அம்பது வருசமா இதத்தான் சொல்லிக்கிட்டு இருக்காரு. லயத்து வீடுங்கள்ல எல்லாரும் கேலி பண்ணுவாங்க, பங்களாவுல ஒன் பேரு தொங்குதாக்கும்னு."

"இருக்காரா இப்போ?"

"இருக்காருங்க. எம்பத்தஞ்சு ஆச்சு."

மேடம் டார்ச் எடுத்துவரச் சொன்னார். நான்தான் எடுத்துவந்து கொடுத்தேன். மூலையில் வெளிச்சம் அடித்து, கிட்டத்தில் குனிந்து பார்த்தார்.

"எழுத்து இல்லையே. ஆனா இந்த இடம் மட்டும் வேற மாதிரி இருக்கு, யாரோ சுத்தம் பண்ணின மாதிரி." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இதை எப்பவாவது யாராவது தொட்டாங்களா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

உங்கள் வேலைக்காலத்தில் இப்படி ஒரு கேள்வி உங்களுக்கும் வரும். வேறு விஷயமாக இருக்கலாம். பதில் சொல்ல உங்களுக்கு மூன்று நொடிதான் கிடைக்கும். அந்த மூன்று நொடியில் நான் நினைத்தது ராமையாவை அல்ல, பாக்கியத்தை அல்ல. அஞ்சாங்கிளாஸ் படித்தவன் கையில் படத்தைக் கொடுத்தால் இப்படித்தான் என்று யாரோ சொல்வது போல என் காதில் கேட்டது. அது மட்டும்தான்.

"தெரியலீங்க மேடம்" என்றேன்.

பாக்கியம் பையை எடுத்துக்கொண்டார். போகும்போது என்னிடம், "அப்பாவையே ஒரு தடவ கூட்டிட்டு வந்து காட்டுறேன்ணே. எந்த எடம்னு அவருக்குத்தான சரியாத் தெரியும்" என்றார். நான் டார்ச்சை அதன் இடத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கூட்டிவந்தார். அன்று நல்ல மழை. ராமையா ஒல்லியான மனிதர். குல்லா, மப்ளர், மேலே ஒரு கறுப்புக் கம்பளி. மியூசியத்துக்காகப் புது வேட்டி கட்டியிருந்தார். படியில் செருப்பைக் கழற்றிவிட்டார். லோகநாதன், "செருப்போட வரலாமுங்க ஐயா, தரை சில்லுனு இருக்கும்" என்றதற்கு, "பங்களாவுக்குள்ள செருப்புப் போட்டு எனக்குப் பழக்கமில்ல தம்பி" என்றார்.

படத்தின் முன்னால் நின்றதும் முதலில் சிரித்தார்.

"பாரு புள்ள, மூஞ்சிய காட்ட மாட்டேன்னு நின்னாளே. இப்ப இருந்திருந்தா, ஏன் எம் மூஞ்சிய மட்டும் போடலன்னு சண்டைக்கு வந்திருப்பா."

பிறகு கீழே குனிந்தார். பாக்கியம் தோளைப் பிடித்துக்கொண்டார். மேடம் டார்ச் அடித்தார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். மறுபடி பார்த்தார். விரலை நீட்டி, தொடாமல், அந்தத் திட்டின் மேல் காற்றில் எழுதுகிற மாதிரி நகர்த்தினார். சரியாக அந்த இடத்தில்தான் விரல் போனது. எனக்கு ஒருவனுக்குத்தான் அது தெரியும்.

"இங்கதான்" என்றார். பிறகு, "இங்கதான்னு நெனைக்கிறேன்" என்றார்.

"நல்லாப் பாருங்கப்பா."

"பாத்துட்டேன் புள்ள. இல்ல." மெதுவாக நிமிர்ந்தார். "எழுதணும்னு ஆசப்பட்டிருப்பேன். பயத்துல எழுதாம விட்டிருப்பேன் போல. அம்பது வருசமா சொல்லிச் சொல்லி எழுதுனதாவே மனசுல பதிஞ்சிருச்சு."

"எத்தன பேருகிட்ட சொன்னீங்கப்பா. எங்கிட்ட சொல்லாத நாளில்லையே." பாக்கியத்தின் குரல் கோபமா அழுகையா என்று தெரியவில்லை.

"விடு புள்ள. வயசாயிருச்சு. மூள பொரளுது."

மேடம், "நாங்க இன்னும் தேடிப் பார்க்கிறோங்க ஐயா" என்று சொல்லி அவருக்கு டீ கொண்டுவர உள்ளே போனார். ராமையா என் பக்கம் திரும்பினார். நான் யூனிபார்மில் கதவோரம் நின்றிருந்தேன். என்னைத்தான் பொறுப்பான ஆள் என்று நினைத்திருக்க வேண்டும். கிட்டே வந்து என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கை ஜில்லென்று இருந்தது.

"தம்பி, இல்லாததச் சொல்லி ஒங்க எல்லாரையும் அலைய வச்சிட்டேன். பொய் சொல்லணும்னு சொல்லல. மன்னிச்சுக்குங்க."

தைலம் தொட்ட கை அது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. தலையை ஆட்டினேன். பரவாயில்லை, மன்னித்தேன் என்கிற மாதிரி.

டீ குடிக்காமலேயே போய்விட்டார்கள். படியில் பாக்கியம் அவருக்குச் செருப்பு மாட்டிவிடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று பிற்பகல் ஒரு கல்லூரிக் கூட்டம் வந்தது. மேடம் மீட்டிங்கில் இருந்தார். நாலாவது அறைக்குக் கூட்டிப்போய் நின்றேன். இந்தப் பங்களா ஒரு காலத்தில் என்று ஆரம்பித்தேன். துரைசாணி அம்மாள் என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டது. மறக்கவில்லை. அடுத்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. வெளியே வரவில்லை. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். லோகநாதன் ஓடிவந்து, "அண்ணனுக்குத் தொண்டை சரியில்லீங்க, நான் சொல்றேன்" என்று மீதியைச் சொன்னான். பிறகு தனியாக, "ஏனுங்கண்ணா, என்னாச்சு? மேலுக்கு முடியலீங்களா?" என்று கேட்டான். நான் அவனுக்குப் பதில் சொல்லாமல் மேடத்தின் அறை வாசலில் போய் உட்கார்ந்தேன். மீட்டிங் முடிய ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் நாலு தடவை எழுந்து போய்விடப் பார்த்தேன்.

உள்ளே போய் நான் துடைத்ததைச் சொன்னேன். மேடம் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. எந்தத் துணி, எவ்வளவு தைலம், எத்தனை முறை என்று டாக்டர் மாதிரி கேட்டார். என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு அந்தம்மா முன்னாடி உங்ககிட்ட நான் கேட்டேன்."

"கேட்டீங்க மேடம். தெரியலீங்கன்னு சொன்னனுங்க."

"ஞாபகம் இருக்கு." நோட்டை மூடினார். "தொடைச்சதுக்கு மெமோ வரும். அது ஆபீஸ் விஷயம். நான் இதுவரைக்கும் மூணு பேர்கிட்ட சொல்லியிருக்கேன், எங்க அட்டெண்டர் பார்க்காம அந்த அறையில ஒரு ஈ கூடப் பறக்காதுன்னு. உங்கள நம்பித்தான் அந்தம்மாகிட்ட எழுத்து இல்லன்னு சொன்னேன்."

இதற்கு மெமோவே தேவலை.

நடந்ததை என் கையால் எழுதித் தரச் சொன்னார். அரைப் பக்கம் எழுத சாயங்காலம் வரை ஆனது. பிழை திருத்தட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். "தேவாலாவுக்கு நான் போன் பண்ண மாட்டேன். நீங்க போய்ச் சொல்லணும்" என்றார்.

அட்டை மாறிய கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கமிட்டி கூடியது. வெளியூரிலிருந்து ஒருவர் வந்து ஏதோ விளக்கு வைத்து மூலையைப் பார்த்தார். சாயம் முழுக்கப் போய்விட்டது, ஒன்றும் எடுக்க முடியாது என்றார். மிஞ்சியது என் அரைப் பக்கம் மட்டும். இரண்டு வருடம் மறைத்தவன் எழுதித் தந்ததை எவ்வளவு தூரம் நம்புவது என்று கமிட்டியில் ஒருவர் கேட்டாராம். நியாயமான கேள்வி. கடைசியில், க. ராமையா வரைந்ததாகக் கருதப்படுகிறது என்று அட்டை வைத்தார்கள். கருதப்படுகிறது என்ற அந்த வார்த்தையைப் படத்தின் கீழே வைத்தவன் நான். பெயர் இருந்த இடத்தில் பெயரே இருந்திருந்தால் அந்த வார்த்தைக்கு வேலை இல்லை. வருகிறவர்கள் அது என்ன கருதப்படுகிறது என்று கேட்டால், நீங்கள் நான் எழுதியதைச் சொல்லலாம். என் பெயரையும் சொல்லலாம். மேடத்திடம் சம்மதம் கொடுத்திருக்கிறேன்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன சொல்வது என்று பல நாள் யோசித்தேன். படத்தைத் தொடாதே என்பது போர்டிலேயே எழுதியிருக்கிறது. தொட்டுவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்பதுதான் நான் சொல்லக்கூடியது. முதல் நாளில் சொல்லியிருந்தால் அது ஒரு அட்டெண்டரின் தவறாக இருந்திருக்கும். நாள் போகப் போக அதற்குள் வேறு மனிதர்கள் வந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

ராமையா வந்துபோன மூன்றாம் நாள் லீவு போட்டுத் தேவாலாவுக்குப் போனேன். கூடலூரில் பஸ் மாறி இறங்கும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. சிலோன்காரர் ராமையா என்று கேட்டதும் டீக்கடையில் வழி சொன்னார்கள். வரிசையாக ஒட்டி ஒட்டி இருக்கும் சின்ன வீடுகள். எல்லாம் தகரக் கூரை. பாக்கியம் கதவைத் திறந்து, என்னை அடையாளம் தெரிந்ததும், "அப்பா, மியூசியத்து அண்ணன் வந்திருக்காரு" என்று உள்ளே குரல் கொடுத்தார். அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்தது. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பெரியவர் கட்டிலில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு நாளா சரியாச் சாப்புடலண்ணே. யாரு வந்தாலும், நான் பொய்க்காரன், பொய்க்காரன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காரு" என்றார் பாக்கியம்.

நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். என் குரலே சின்னக் குரல். கூரையில் மழைச் சத்தம்.

"என்னாங்க?" என்று காதில் கை வைத்தார். "கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

பிறந்ததிலிருந்து நான் சத்தமாகப் பேசியதில்லை. அன்று கத்திச் சொன்னேன். நீங்கள் எழுதியிருந்தீர்கள், நான்தான் துடைத்துவிட்டேன், கேட்டபோது தெரியாது என்று பொய் சொன்னேன் என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இரண்டாவது தடவை சொன்னபோது யாரோ அதை நிறுத்தினார்கள்.

பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எழுதியிருந்தேன்."

"எழுதியிருந்தீங்க ஐயா."

"க. ராமையான்னு."

"க. ராமையான்னுதாங்க."

"அதுக்குக் கீழ ஒரு கோடு?"

"கோடும் இருந்துச்சுங்க. கொஞ்சம் கோணலா."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். பாக்கியம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். உள்ளே டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழுவினார்.

"தொடச்சது தெரியாமச் செஞ்சது" என்றார் பெரியவர். "நானும் சாயத்துல வேல செஞ்சவன். தைலம் என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும், ஒங்களுக்குத் தெரியாது. ஒங்க மேடம் கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னீங்க. அது பயம். தொரசாணிக்குப் பயந்துதான நானும் பேர நெழல்ல எழுதுனேன். அதும் வெளங்குது."

நான் தலை நிமிரவில்லை.

"ஆனா நான் ஒங்க கையப் புடிச்சுக்கிட்டு மன்னிப்புக் கேட்டேன். நீங்க தலைய ஆட்டுனீங்க."

நான் என் வலது கையைப் பார்த்தேன்.

"அந்த மன்னிப்ப நான் திருப்பி எடுத்துக்கிறேன்" என்றார்.

"எடுத்துக்குங்க ஐயா" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. காதில் கை வைத்துக்கொண்டு, என் வாயைப் பார்த்தபடி காத்திருந்தார். நான் எழுந்து நின்று, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி மறுபடி சொன்னேன்.